ஆயாவும் அக்காளும்: இல்லத்துக் குழந்தையின் அறிவு எங்கே வளருது?

தென்காசியிலிருந்து தெற்கே, மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டே போனால் கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், களக்காடு என்று ஊர்கள் வரும். களக்காட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டோனாவூர். குற்றாலத்தில் அருவியாக விழுகிற அதே மலைத்தொடரின் இன்னொரு அடிவாரம். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இது எல்லாமே ஒரே திருநெல்வேலி ஜில்லாதான். ஊர்ப் பெயரில் இருக்கிற 'டோனா' ஒரு ஜெர்மன் பிரபு. 1820களில் ரேனியஸ் ஐயர் இந்தப் பக்கம் கிறிஸ்தவக் குடியிருப்புகள் அமைத்தபோது பணம் கொடுத்து உதவியவர்.

இந்த ஊரை வைத்து ஒரு கேள்வியைப் பேசலாம்னு நினைக்கிறேன். தாய் தகப்பன் இல்லாமலோ, இருந்தும் வைத்துக் காப்பாற்ற முடியாமலோ இல்லங்களில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பேச்சும் படிப்பும் புரிதலும் ஏன் பல நேரம் பிந்திப்போகிறது? சாப்பாடு போதாமலா? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலா? இல்லை, தூக்கி வளர்க்கிற கை மாறிக்கொண்டே இருப்பதாலா?

உளவியல் புத்தகத்தைப் புரட்டினால் இதற்குப் பதில் அமெரிக்காவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வரும். அந்த ஆய்வுகளை நானும் கீழே சொல்கிறேன். ஆனால் அவை நடப்பதற்கு முன்பே, நம்ம பக்கத்துப் பெண்கள் சிலர் இதே சிக்கலைக் கைக்குழந்தைகளோடு ராத்திரி பகலாக எதிர்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

பண்ணைவிளையிலிருந்து நெய்யூர்வரை

ஏமி கார்மைக்கேல் 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு திருநெல்வேலிக்கு வந்தார். 1951 ஜனவரியில் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. அவர் வந்தது ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வதற்கு. பிள்ளை வளர்ப்பது அவர் திட்டத்திலேயே கிடையாது.

1901 மார்ச்சில் பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்தபோது ப்ரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி வந்து சேர்ந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்ட வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி வந்தவள். அதற்கு முன்பே ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாயோ அவளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டாள் என்று கார்மைக்கேல் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு அவர்கள் டோனாவூருக்கு இடம் மாறினார்கள். ஒரு பிள்ளை, நாலு பிள்ளை என்று கூடி, 1904 வாக்கில் கைக்குழந்தைகளும் வர ஆரம்பித்தன.

ஏழு வயதுப் பிள்ளைக்குச் சோறு போடலாம், கதை சொல்லலாம். பிறந்து சில நாளே ஆன சிசு என்றால் கதையே வேறு. அடுத்தவள் பிள்ளைக்குப் பாலூட்ட அந்தப் பக்கத்துப் பெண்கள் இசையவில்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை. குழந்தைகள் இறந்தன. அதனால் 1905 வாக்கில், லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரில் ஒரு குழந்தைக் காப்பகம் தொடங்கினார்கள். அதற்குப் பொறுப்பேற்றவர் பொன்னம்மாள், இளவயதிலேயே விதவையானவர். அங்கேயும் வயிற்றுக்கடுப்பு பரவிப் பல குழந்தைகள் போய்ச்சேர்ந்தன. பிறகு காப்பகம் டோனாவூருக்கே திரும்பியது. 1915இல் பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்தார். அவரைப் பற்றிக் கார்மைக்கேல் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

டோனாவூர் என்றால் வெள்ளைக்கார அம்மா ஒருவரின் கதை என்றுதான் பலருக்குத் தெரியும். ஆனால் குழந்தையின் பக்கத்தில் படுத்து, ராத்திரி எழுந்து பால் கொடுத்தது பெரும்பாலும் பொன்னம்மாள் மாதிரியான தமிழ்ப் பெண்கள்தான்.

அக்காள், சித்தி, அண்ணாச்சி

டோனாவூரில் எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே புழங்கிய உறவுப் பெயர்கள். கார்மைக்கேல் எல்லோருக்கும் 'அம்மா'. பிள்ளைகளை நேரடியாக வளர்த்த தமிழ்ப் பெண்கள் 'அக்காள்'. வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பெண்கள் 'சித்தி'. 1918இல் ஆண் பிள்ளைகளையும் சேர்க்க ஆரம்பித்த பிறகு, வேலைக்கு வந்த ஆண்கள் 'அண்ணாச்சி'. அக்காள்மாரில் பலர் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள். தன்னை ஒருத்தி வளர்த்தாள், தான் இன்னொருத்தியை வளர்க்கிறாள் என்று சங்கிலி போல நீண்டது.

பிள்ளைகள் பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்காமல், சின்னச் சின்ன வீடுகளில் ஒரு அக்காளின் கீழ் இருந்தார்கள். பிறந்த நாள் தெரியாத பிள்ளைகள் நிறைய என்பதால், வந்து சேர்ந்த நாளையே ஒவ்வொரு பிள்ளைக்கும் கொண்டாடினார்கள். பெருக்கும்போதும் துவைக்கும்போதும் பாட, கார்மைக்கேல் பாட்டுக் கட்டிக் கொடுத்தார். மலைக்குக் கூட்டிப்போனார்கள், பூவுக்கும் பூச்சிக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்.

'ஆயா' என்பது வேலைப் பெயர். எட்டு மணி நேரம் முடிந்தால் அடுத்த ஆயா வருவார். 'அக்காள்' என்பது உறவுப் பெயர். அக்காளுக்கு ஷிப்ட் கிடையாது. இந்த வித்தியாசம் குழந்தையின் மூளைக்குள்ளே போய் என்ன செய்கிறது என்பதைத்தான் அடுத்த நூறு ஆண்டு ஆய்வுகள் தேடின.

அளவுகோல் வந்த பிறகு

நெய்யூரில் காப்பகம் தொடங்கிய அதே 1905இல், பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினேயும் தியோடர் சிமோனும் குழந்தைகளின் அறிவை அளக்கும் சோதனையை வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஐ.க்யூ. அது பிறவியிலேயே நிலைத்துவிட்ட ஒன்று, பாத்திரத்தின் கொள்ளளவு மாதிரி மாறாது என்று அந்தக் காலத்தில் பல நிபுணர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் ஒருவர் ஹரால்ட் ஸ்கீல்ஸ். 1930களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு அநாதை இல்லத்தில் இரண்டு பெண் குழந்தைகள், இரண்டுக்கும் ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. தேறாத கேஸ் என்று முடிவு கட்டி, மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஸ்கீல்ஸ் அங்கே போனபோது அதே குழந்தைகள் ஓடியாடிச் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தன. நடந்தது இதுதான்: அந்த விடுதிப் பெண்கள் ஆளுக்கொரு பிள்ளையாகச் சொந்தம் கொண்டாடித் தூக்கி வைத்துப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு 13 குழந்தைகளை அப்படியே அனுப்பிப் பார்த்தார்கள். 1939இல் ஸ்கீல்ஸும் ஹரால்ட் டையும் வெளியிட்ட கணக்குப்படி, அந்த 13 பேரின் ஐ.க்யூ. சராசரியாக 28 புள்ளி ஏறியது. அநாதை இல்லத்திலேயே இருந்துவிட்ட 12 குழந்தைகளுக்கு 26 புள்ளி இறங்கியது. சிறிய எண்ணிக்கை, குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்றெல்லாம் இதற்கு விமர்சனம் உண்டு, நியாயமானவைதான். ஆனால் 1966இல், பெரியவர்களான அதே பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஸ்கீல்ஸ் எழுதியதை வாசித்தால் மனசு கனக்கும். முதல் 13 பேரும் சொந்தக் காலில் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறகு தத்தெடுக்கப்பட்டவர்கள். நடுத்தரக் கல்வி 12ஆம் வகுப்பு. மற்றவர்களுக்கு அது 3ஆம் வகுப்பைக்கூட எட்டவில்லை.

ஐ.க்யூ. குறைவு என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் வளர்த்த பிள்ளைகள் தேறினார்கள். சுத்தமான, நிர்வாகம் சரியாக நடந்த இல்லத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். வளர்க்கிறவளின் படிப்பைவிட அவள் அந்தப் பிள்ளையோடு இருந்த விதம் பெரிதாக வேலை செய்திருக்கிறது.

1945இல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டினார். ஒரு பெண்கள் சிறை, அங்கே கைதிகளான தாய்மாரே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்று நல்ல மருத்துவ வசதியுள்ள குழந்தைகள் இல்லம், ஏறத்தாழ எட்டுக் குழந்தைக்கு ஒரு செவிலி. இல்லத்துத் தொட்டில்களைச் சுற்றித் துணி தொங்கவிட்டிருந்தார்கள். குழந்தைக்குத் தெரிந்த உலகம் மேற்கூரை மட்டும்தான். சிறைக் குழந்தைகள் சாதாரணமாக வளர்ந்தன. இல்லத்துக் குழந்தைகளின் வளர்ச்சிக் கணக்கு 124இலிருந்து ஓராண்டுக்குள் 72க்கு இறங்கியது. இரண்டாண்டுக்குள் அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்தே போனார்கள்.

1951இல், கார்மைக்கேல் இறந்த அதே ஆண்டில், உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை வெளிவந்தது. சிறு குழந்தைக்குத் தாயோடு, அல்லது தாய்க்கு நிகரான ஒருவரோடு, தொடர்ந்த நெருக்கமான உறவு தேவை என்றது அது. டோனாவூரில் அக்காள்மார் அரை நூற்றாண்டாகச் செய்துகொண்டிருந்த காரியத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கோட்பாட்டு விளக்கம் அப்போதுதான் வந்தது.

புகாரெஸ்ட் காட்டிய கணக்கு

இதில் இன்றைக்கு நம்மிடம் இருக்கிற வலுவான சான்று ருமேனியாவிலிருந்து வருகிறது. சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது அங்கே இல்லங்களில் குழந்தைகள் குவிந்து கிடந்தார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோரின் குழு 2000க்குப் பின் 136 குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப்பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பியது. மீதிப்பேர் வழக்கம்போல இல்லத்தில். நாலரை வயதில் அளந்தபோது இல்லத்துக் குழந்தைகளின் சராசரி ஐ.க்யூ. 73, வளர்ப்புக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு 81, சொந்த வீட்டில் வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அதிகமாகத் தேறினார்கள். அவர்களுடைய மூளை மின்னலைப் பதிவு எட்டு வயதில் மற்றப் பிள்ளைகளுடையதை ஒத்து இருந்தது.

இது எப்படி நடக்குது? ஒரு குழந்தை 'ங்கா' என்கிறது. மடியில் வைத்திருப்பவள் "என்னளா தங்கம், பசிக்கா?" என்கிறாள். குழந்தை திரும்பவும் 'ங்கா' என்கிறது. நாம் செய்தால் உலகம் பதில் சொல்லும் என்ற பாடம் அங்கே தொடங்குது. சாய்ந்தாட வைப்பதும், கைவீச வைப்பதும், நிலாவைக் காட்டிச் சோறூட்டுவதும் நமக்கு விளையாட்டு. குழந்தைக்கு அது கவனிக்கவும், காத்திருக்கவும், வார்த்தையைப் பொருளோடு பொருத்தவும் கிடைக்கிற பயிற்சி. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கணும். நடத்துகிற ஆளுக்கு அந்தக் குழந்தையின் அழுகையில் பசி எது, தூக்கம் எது என்று தெரியணும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அது தெரியவே தெரியாது. அழுதும் யாரும் வராத குழந்தை கொஞ்ச நாளில் அழுவதை நிறுத்திவிடும். அமைதியான குழந்தைக் காப்பகத்தைப் பார்த்து "சமத்துப் பிள்ளைங்க"ன்னு நாம சொல்லிட்டு வந்துடுவோம்.

அக்காள் கொடுத்த விலை

இத்தோடு முடித்தால் டோனாவூரைப் புகழ்ந்த கட்டுரையாகிவிடும். அதற்கு மறுபக்கமும் இருக்கு.

முதலாவது, அது தனக்குள் மூடிய உலகம். பிள்ளைகளுக்குப் புதுப்பெயர், புது மதம், புது உறவு. பழைய வீட்டோடு இருந்த நூல் பெரும்பாலும் அறுந்தது. அந்த வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைப்பதும் பெரும்பகுதி இங்கிலாந்து வாசகர்களுக்காக எழுதிய மிஷன் புத்தகங்கள் வழியாகத்தான். அதே பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து மீண்ட பெண்களுக்காக 1930இல் சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி ஔவை இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய வழி வேறு: பெண்களைப் படிக்க வைத்து, தொழில் கற்பித்து, ஊருக்குள்ளே திரும்ப அனுப்புவது, கூடவே சட்டத்தையும் மாற்றுவது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு மடியும் வேண்டும், வெளியே போகிற வாசலும் வேண்டும்.

இரண்டாவது, எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது: அக்காள்மாரின் வாழ்க்கை. டோனாவூரில் யாருக்கும் சம்பளம் கிடையாது. 1916இல் கார்மைக்கேலோடு ஏழு தமிழ்ப் பெண்கள் சேர்ந்து, திருமணம் செய்யாமல் இந்தப் பணிக்கே வாழும் சகோதரிகள் குழு ஒன்றை அமைத்தார்கள். குழந்தைக்குக் கிடைத்த அந்த மாறாத கை, ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதையும் எழுதிக் கொடுத்ததால் கிடைத்தது. விசுவாசத்தினால் அவர்கள் மனமுவந்து செய்தார்கள், சரி. ஆனால் ஒரு அரசாங்கமோ சமூகமோ, 'இப்படிப்பட்ட பெண்கள் எப்போதும் கிடைப்பார்கள்' என்று நம்பிக் குழந்தைகள் இல்லத்தை நடத்த முடியாது. நடத்தவும் கூடாது.

இன்றைக்கு நடப்பது அதற்கு நேர் எதிர்க் கோடி. இல்லத்தில் பிள்ளைகளோடு அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவருக்குத்தான் பல இடங்களில் சம்பளம் குறைவு, மரியாதையும் குறைவு. அதைவிட நல்ல வேலை கிடைத்தால் அவர் போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் பிள்ளைக்கு அது இன்னொரு அம்மா போனது மாதிரி.

சுவரா, கையா?

இல்லம் என்றாலே கெடுதல் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2009இல் கேத்ரின் வெட்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 6 முதல் 12 வயது ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்த்தது. இந்தியாவில் ஹைதராபாத்தும் நாகாலாந்தும். இல்லங்களில் இருந்த பிள்ளைகள், உறவினர் வீடுகளில் இருந்த அதே மாதிரிப் பிள்ளைகளைவிட அறிவிலோ உடல்நலத்திலோ பின்தங்கி இருக்கவில்லை. புகாரெஸ்ட் ஆய்வு கைக்குழந்தைப் பருவத்தைப் பற்றியது. இது பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், வயது சின்னதாக இருக்கும்போது ஆள் மாறாமல் இருப்பது மிகமிக அவசியம், பிறகும் இல்லத்துக்கு இல்லம் நிலைமை வேறுபடும் என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், ஒரு குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. நல்ல வாசகம். ஆனால் விதிகளில் எளிதாக அளக்க முடிந்தது கட்டடம்தான்: 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடி படுக்கைக் கூடம் என்று எழுதிவிடலாம், டேப் பிடித்துப் பார்த்துவிடலாம். 'இந்தப் பிள்ளையின் அழுகை தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறாரா' என்பதை எந்த டேப்பில் அளப்பது?

இன்னொன்றையும் யோசிக்கணும். இல்லங்களில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் அநாதைகள் அல்ல. அம்மா மட்டும் இருக்கிற பிள்ளைகள் நிறைய. தென்காசி, ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு தனித்தாய்க்கு, பிள்ளைக்கு மூணு வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கும் என்பதுதான் இல்லத்தின் ஈர்ப்பு. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. பிள்ளை தாயிடமே இருக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தகவலை அப்படி ஒரு தாயிடம் சேர்த்தால், ஒரு பிள்ளை தன் சொந்த மடியை இழக்காமல் இருக்கலாம்.

நம்மில் பலர் பிறந்த நாள், திதி என்றால் ஏதாவது ஒரு இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறோம். கட்டலாம், தப்பே இல்லை. ஆனால் அங்கே போய்ப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒரு மணி நேரம் தூக்கிக் கொஞ்சி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வராமல் இருப்பது, வந்து வந்து போகிறவர்களையே பார்த்துப் பழகிய பிள்ளைக்குச் செய்யும் உதவி. அதற்குப் பதிலாகப் பொறுப்பாளரிடம் சிலது கேட்டுப் பாருங்க. இந்தச் சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது யார்? அவர் எத்தனை வருஷமா இங்கே இருக்கார்? அவர் கையில் எத்தனை பிள்ளைகள்? அவருக்கு என்ன சம்பளம்? பதில் திருப்தியாக இல்லை என்றால், அடுத்த வருஷச் சாப்பாட்டுப் பணத்தை அந்த அம்மாவின் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்க. பொன்னம்மாள் காலத்தில் அதற்குச் சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. நம்ம காலத்தில் அதைப் பேசாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.